ஜூபிலி வருடத்துப் பிள்ளை

மஞ்சள் பூசிக் கறுத்துப்போன ஓலைச் சாதகம் ஒன்று, ஐஸ்கிறீம் டப்பாவுக்குள் இருந்து வெளியே வந்தது. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த மோர்னிங்சைட்டில் பதினோராம் மாடி வீடு, 1997 வசந்தம். என் மனைவியின் பெரியப்பாவுக்கு அந்த ஆனியில் நூறு வயது. இங்கே நூறு வயதானால் ராணியின் அரண்மனையிலிருந்து வாழ்த்துக் கடிதம் வரும் என்று யாரோ சொல்ல, அவருடைய மகள் விழாவுக்கு ஹோல் பதிவுசெய்து, கடிதத்தைச் சபையில் வாசிப்பதாக ஊருக்கெல்லாம் அறிவித்தும் விட்டாள். வயது சரியென்று ஒப்பமிட ஓர் ஆள் வேண்டும். யாழ்ப்பாணத்தில் முப்பது வருடம் பிறப்பு இறப்புப் பதிவு பார்த்த என்னை விட்டால் வேறு யார்? கடவுச்சீட்டிலும் அதே திகதிதான். அது எனக்குப் போதாது என்று தெரிந்துதான் ஓலையையும் எடுத்துக் காட்டினாள்.

பள்ளிக்கூடத்துக்கு ஒரு வயது, உத்தியோகத்துக்கு ஒரு வயது, கலியாணப் பேச்சுக்கு இன்னொரு வயது வைத்திருந்தவர்கள் நாங்கள். எந்தப் பிறந்த திகதியையும் நான் முதல் பார்வையில் நம்புவதில்லை. ஓலை, ஏவிளம்பி வருடம் என்றது. அது 1897 தான். விக்டோரியா மகாராணி அரசேறி அறுபது வருடம் நிறைந்த ஜூபிலி வருடம். நூலகத்துக்குப் போய் அந்த வருடத்தைப் படித்தேன். கால் இயலாத ராணியால் தேவாலயப் படி ஏற முடியாது என்று, பாதிரிமார் வெளியே வந்து, அவர் வண்டியில் இருந்தபடியே ஆராதனை நடத்தினார்களாம். அரண்மனையில் அவர் ஒரு பொத்தானை அழுத்த, சாம்ராச்சியம் முழுவதும் தந்தி பறந்ததாம். அதையும் நான் முழுதாக நம்பவில்லை. தந்தியை எழுதியவர் ஒரு கிளாக்கராக இருந்திருப்பார்.

மகள் மிசிசாகாவுக்கு வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் விசாரணையைத் தொடங்கினேன்.

"ஜூபிலிக்கு ஊரிலை என்ன நடந்தது பெரியப்பா?"

"பள்ளிக்கூடத்திலை சக்கரை குடுத்தவையாம். கோயில் வழிய விளக்கு. அம்மா சொல்லுவா."

பாடமாக்கியதுபோல் வந்தது. அப்படி வந்தால் அடுத்த பக்கத்தைக் கேட்கவேண்டும் என்பது என் பழக்கம்.

"ராணி செத்த நேரம்?"

"சந்தை பூட்டாம். பெரிய வாத்தியார் கையிலை கறுப்புத் துணி கட்டிக்கொண்டு வந்தவராம். நான் அப்ப அம்மான்ரை வயித்துக்குள்ளை, ஏழு மாசம்."

ராணி இறந்தது 1901 தையில். ஜூபிலி வருடத்தில் பிறந்த பிள்ளை அப்போது முற்றத்தில் ஓடித் திரிந்திருக்கும். நான் விரல் விட்டு வருடங்களை எண்ணினேன். அவரே தொலைக்காட்சியை நிறுத்தினார்.

"மூத்தவன் ஒருத்தன் இருந்தவன், தம்பி. ரண்டு வயசிலை காய்ச்சல் கண்டு செத்துப்போட்டான். அவன்ரை பேரையும் பிறப்புப் பத்திரத்தையும் வைச்சுத்தான் என்னைப் பள்ளிக்கூடத்திலை சேத்தவை. ஓலையும் அவன்ரைதான்."

"மகளுக்குத் தெரியுமோ?"

"சொல்லிப் போடாதை. இஞ்சை வந்த பேப்பர் முழுக்க அந்தத் திகதிதான். பிழையெண்டு தெரிஞ்சா திருப்பி அனுப்பிப் போடுவாங்கள். அங்கை எனக்கு ஆர் இருக்கினம்?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா அந்தக் கடிதம் எனக்கு வேண்டாம். அது அண்ணைக்கு வாறது. நீதான் ஏதும் சட்டம் சொல்லி மறி."

பின்னேரம் மகள் வந்ததும், பிறப்பை நேரில் கண்ட இரண்டு சாட்சிகள் ஒப்பமிட வேண்டும் என்றேன். என் உத்தியோக காலத்தில்கூட நான் ஒரு விதியை இயற்றியதில்லை.

"நூறு வருசத்துக்கு முந்திப் பாத்த ஆக்களோ? அத்தான், ராணியே நேரிலை வந்தாலும் நீங்கள் ஐடி கேப்பியள்!"

அதன்பின் அவள் என்னோடு பேசவில்லை. ஹோலில் கடிதம் வாசிக்கப்படவும் இல்லை. கேக் ஊட்டுகிற சாட்டில் பெரியப்பா என் காதுக்குள் சொன்னார்: "நாலு வருசம் பொறு. என்ரை கடிதத்தைக் கேப்பம்."

அவர் பொறுக்கவில்லை. போன மாரியில் போய்விட்டார். மகள் அழுதுகொண்டிருந்ததால் மரணப் பதிவுப் படிவம் என்னிடம் வந்தது. பிறந்த திகதிக்கான கட்டத்தில், கடவுச்சீட்டைப் பார்த்து அண்ணனுடைய திகதியை எழுதி, தகவல் தந்தவர் என்று ஒப்பமிட்டேன். ஜூபிலி வருடத்துப் பிள்ளை இரண்டாம் தடவையும் இறந்துபோனான். பெரியப்பா பிறந்ததற்கும் பதிவில்லை, இறந்ததற்கும் பதிவில்லை.