கேள்வி கேட்டவர்களின் அறை

கொட்டாஞ்சேனை கொன்ஸ்ரன்ரைனுக்கு நாற்பதைத் தாண்டிய பிறகு புரோகிராமிங் பிடித்துக்கொண்டது. துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் கம்பனியொன்றில் அவர் பத்திரங்கள் எழுதும் கிளாக். ஆட்குறைப்பு வரப்போகிறது என்று தெரிந்ததும், கொள்கலன் வெளியே வந்தவுடன் வாடிக்கையாளருக்குத் தானாகவே செய்தி அனுப்பும் புரோகிராம் ஒன்றை எழுதத் தொடங்கினார். ஜூன் முடிவதற்குள் அது வேலை செய்தால் கம்ப்யூட்டர் பிரிவுக்கு மாற்றுவதாக முதலாளி சொன்னார். செய்யாவிட்டால் என்ன என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

அவர் படித்தது ஒரு வாட்ஸ்அப் குழுவில். நடத்தியவர் வெள்ளவத்தைச் சாரங்கன். கொன்ஸ்ரன்ரைன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டும் கேள்வி கேட்டார். தாரிகா என்றொரு பெண் பொறுமையாகப் பதில் எழுதுவாள். மற்றவர்களுக்கு அந்தப் பொறுமை இல்லை.

"அண்ணை, இது சின்னப்பிள்ளைக் கேள்வி. கூகிள்ல தேடுங்கோ."

"தேடினேன் தம்பி. அதுவும் உங்கள மாதிரித்தான் பேசுது."

தொடக்கக்காரரையும் தேர்ந்தவரையும் இரண்டு அறைகளாகப் பிரிப்பதா என்று வாக்கெடுப்பு வந்தபோது, 'பிரிக்க வேண்டும்' என்று முதலில் வாக்களித்தவர் கொன்ஸ்ரன்ரைன்தான். கேலியில்லாமல் படிக்கலாமே என்ற ஆசை.

யார் எந்த அறைக்கு என்று தீர்மானிக்கச் சாரங்கன் சுலபமான வழியொன்றைக் கண்டார். கேள்வி கேட்டவர்கள் தொடக்கக்காரர், கேட்காதவர்கள் தேர்ந்தவர். ரியூசன் வகுப்பில் வாய் திறக்காதவனே கெட்டிக்காரன் என்று நம்பி வளர்ந்தவர்கள் நாம், யாரும் ஆட்சேபிக்கவில்லை. பிறந்தநாள் வாழ்த்துகளுக்குக் கும்பிடுகை ஈமோஜி மட்டும் போட்டுவந்த பல் டாக்டர் ஒருவரும் தேர்ந்தவரானார்.

புதிய அறையில் கேலி இல்லை. பதிலும் இல்லை, பதில் எழுதும் தாரிகா மற்ற அறையில். ஒரு வாடிக்கையாளருக்கான செய்தி எல்லோருக்கும் போகிறதே, ஏன் என்று கொன்ஸ்ரன்ரைன் கேட்டார். "எனக்கும் தெரிஞ்சுகொள்ள ஆசை" என்று மட்டக்குளி நிலூஷா எழுதினாள். ஏஐயிடம் கேட்டார், அது மிகுந்த மரியாதையோடு பிழையாகச் சொன்னது. பெண்களுக்குத் தனியாகச் செய்தி அனுப்பக் கூடாதென்பது குழுவின் பழைய சட்டம். அதனால் சாரங்கனுக்கே போன் எடுத்தார்.

"தாரிகா தங்கச்சிட்ட ஒரே ஒரு கேள்வி தம்பி. என்னை அந்தப் பக்கம் போடுங்களேன்."

"மூண்டு மாசம் ஒண்டும் கேக்காம இருங்கோ அண்ணை. கட்டாயம் எடுக்கிறன்."

"அதுக்குள்ள வேலை போயிரும்."

"எனக்கு விளங்குது அண்ணை. ஆனா ஒராளுக்கு விட்டா எல்லாரும் வருவினம்."

ஜூன் கடைசியில் முதலாளி முன்னால் புரோகிராமை ஓட்டினார். மருதானை உதிரிப்பாகக் கடைக்காரரின் கொள்கலன் வந்துவிட்டதாகக் கம்பனியின் வாடிக்கையாளர் அனைவருக்கும் செய்தி போனது.

"என்ன, ஓடிச்சா?" என்று வீட்டில் மனைவி றஞ்சிதம் கேட்டாள்.

"ஓடிச்சு. எல்லார் வீட்டுக்கும் ஓடிச்சு."

வேலை போனது. வேலை போனபின் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. கேள்வியில்லாமல் மூன்று மாதம் கழிய, அக்டோபரில் சாரங்கன் சொன்ன சொல்லைக் காப்பாற்றி, அவரைத் தேர்ந்தவர் அறையில் சேர்த்தார். தாரிகா உடனே கண்டுகொண்டாள்.

"அண்ணா, எங்க போனீங்கள்? கேள்வி ஒண்டும் இல்லையா?"

கொன்ஸ்ரன்ரைன் நெடுநேரம் என்னவோ எழுதினார், அழித்தார். கடைசியில் ஒரு கும்பிடுகை போட்டார். பல் டாக்டரும் ஒன்று போட்டார்.