பிரேக்கில் இல்லாத மரியாதை

ஆறு வயதுக் குழந்தைக்கு ரோடு கடக்க எதைச் சொல்லிக் கொடுப்பது? சட்டத்தையா, நம் ஊரையா? ஒரு வாரமாக யோசிக்கிறேன். இன்னும் விடை தெரியவில்லை.

இந்த லீவுக்கு ஜப்பானில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தோம். முதல் நாளே மானம் போனது. ஜீப்ரா கோட்டின் ஓரம் மகள் யாழினியோடு நின்றேன். ஒரு கார் வந்து... நின்றேவிட்டது! எனக்குப் பதற்றம். ‘நீங்க போங்க’ என்று கை காட்டினேன். காரை ஓட்டியவர் தலையைக் குனிந்து, என்னைப் போகச் சொல்லிக் கை காட்டினார். விடுவேனா? கோயம்புத்தூர்க்காரி. மறுபடியும் காட்டினேன். அவர் பின்னால் நான்கு கார்கள். ஒரு ஹாரன் சத்தம் இல்லை.

“அக்கா, நீ நடந்தாத்தான் அவங்க போவாங்க!” தங்கை என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

யாழினி சட்டென்று பழகிவிட்டாள். அங்கத்துக் குழந்தைகளைப் போலவே கையை உயர்த்துவாள். வண்டி நிற்கும். நடப்பாள்.

ஊர் திரும்பிய பிறகு, போன செவ்வாய்க்கிழமை கோயம்புத்தூர் உக்கடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். நான் கைப்பையை மூடி நிமிர்வதற்குள் அவள் ஜீப்ரா கோட்டில், கையை உயர்த்தியபடி, பாதி ரோட்டில்! ஒரு பைக் அவள் ஸ்கூல் பையை உரசிக்கொண்டு கிறீச்சிட்டு நின்றது.

“ஏனுங்க அம்மணி, கொழந்தையக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வரக்கூடாதுங்களா?” என்றார் பைக்கில் வந்தவர்.

“கோட்டு மேலதானுங்க நடந்தா...”

“கோட்டப் பாத்தா வண்டி நிக்குமுங்களா? பாத்துப் போங்க!”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “சாரிங்ணா.” குழந்தையை இடிக்கப் பார்த்தவரிடம்!

எத்தனை ‘ங்க’ பாருங்கள். இவ்வளவு மரியாதையாக இடிபட வேறு எந்த ஊரில் முடியும்? வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்ப மாட்டோம். ரோட்டோரம் நிற்பவருக்கு மூன்று நொடி தர மாட்டோம்.

சரி, நான் மட்டும் யோக்கியமா?

மறுநாள் காலை. ஸ்கூலுக்கு லேட். ஸ்கூட்டரில் பறந்துகொண்டிருந்தேன். ஜீப்ரா கோட்டருகே ஒரு பெண் கைக்குழந்தையோடு காத்திருந்தார். பின்னாலிருந்து யாழினி என் தோளைத் தட்டினாள்.

“அம்மா, நிறுத்து! அவங்க போகோணும்!”

நிறுத்தவில்லை. திடீரென்று நின்றால் பின்னால் வருகிற டவுன் பஸ் நம்மை அடித்துவிடாதா? தாய்க்கு அந்தப் பயம் இருக்காதா? தாண்டிய பிறகுதான் கண்ணாடியில் பார்த்தேன். பஸ்ஸும் இல்லை, ஒன்றும் இல்லை... ரோடு காலி. அந்தப் பெண் மட்டும் அங்கேயே நின்றிருந்தார்.

ஸ்கூல் வாசல் வரை யாழினி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வாசகர்களே, நின்று வழிவிடப் பழக்குவது எப்படி? தெரிந்தவர்கள் எழுதுங்கள். மகளுக்காகக் கேட்கவில்லை. எனக்கு முப்பத்திரண்டு வயது.