செருப்பு அடுக்கின் ஓரத்தில் நின்று பாடியவர்

கவிஞர் தணிகாசலம் போய்விட்டார் என்று அவர் மகள் மல்லிகா தொலைபேசியில் சொன்னபோது, நான் சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் ஒரு கடையில் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நான் விட்ட பெருமூச்சில் பக்கத்து மேசைக்காரரின் தேநீரும் ஆறிப்போனது.

“கடைசியா யாரையாவது திட்டினாராம்மா?” என்று கேட்டேன்.

அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டது பிள்ளை. “முருகனைத்தான் மாமா. காலையிலகூட.”

எனக்கு நிம்மதியாக இருந்தது. ஏன் என்று அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும். அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்.

புக்கிட் மேராவில் எனக்கு மேல்வீட்டுக்காரர் அவர். முருகன்மேல் அவர் எழுதிய பாட்டுகளை வரிசையாக நிறுத்தினால் சாங்கி விமான நிலையம்வரை போய் நிற்கும். அவர் பாட்டைக் கேட்டால் காவடியின் பாரம் தெரியாது என்பார்கள். நான் கேட்டதில் என் தொப்பையின் பாரமே தெரியாமல் போயிருக்கிறது.

அவர் மனைவி சரோஜா அக்கா நோயில் விழுந்தபோது, காப்பாற்றச் சொல்லிப் பாடிப் பாடி அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அக்கா பிழைக்கவில்லை. அடுத்த கிருத்திகைக்குக் கோயிலில் மைக்கைப் பிடித்தவர், மயில் வைத்திருப்பவனுக்கு மருத்துவமனைக்கு வர வழி தெரியவில்லையா என்று முருகனை நிற்கவைத்துக் கேட்டார். அத்தனையும் சுத்தமான வெண்பா. கோயில் தலைவர் நடுங்கிப்போனார். ஏசிப் பாடுவதும் துதிதான், பழைய வழக்கம்தான் என்று கவிஞர் எவ்வளவோ சொன்னார். பாட்டை மாற்றும்வரை மைக் கிடையாது என்றாகிவிட்டது.

அதற்குள் சர்க்கரை நோய் கால்விரல்களைக் கொண்டுபோனது, கண்ணும் மங்கியது. அதற்கெல்லாம் அவர் அசரவில்லை. “மைக் போனா போகுதுலா. அவனோட பேச்சு விட்டுப்போச்சுன்னா அப்புறம் எனக்கு யாரு?” என்றார். அந்த ஒன்றுக்குத்தான் பயந்தார்.

ஆகவே, கிருத்திகைதோறும் கோயில் வாசலில், செருப்பு அடுக்கின் ஓரத்தில் நின்று பாடினார். நான் குடை பிடிப்பேன். குடையைவிட நான்தான் அதிக நிழல் தந்தேன். ஒருநாள், கணவரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்த ஓர் அம்மா, செருப்பைக் கழற்றியபடியே நின்று கேட்டார். “ஐயா, எனக்காகவும் ரெண்டு வார்த்தை திட்டுங்க” என்றார். அடுத்த மாதம் வாசலில் வரிசை. உள்ளே முருகனும் குருக்களும் தனியாக இருந்தார்கள் என்று நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

கடைசியில் அந்த வரிசையில் தலைவரே வந்து நின்றார். தம்பிக்கு இதய அறுவை சிகிச்சையாம். “கொஞ்சம் கடுமையாவே திட்டுங்க கவிஞரே” என்றார் தரையைப் பார்த்தபடி. அன்று கவிஞர் திட்டிய திட்டில் கோபுரத்துப் பொம்மைகள் காதைப் பொத்திக்கொண்டன.

தம்பி பிழைத்தார். மைக்கும் திரும்பி வந்தது. கவிஞர்தான் போகவில்லை. சந்தோஷமாக இருப்பவர்கள் உள்ளே பாடட்டும், தனக்கு வாசலே போதும் என்றார். வீடு திரும்பும்போது, தலைவர் வீட்டுக்கு மட்டும் வந்த முருகன்மேல் கோபம் இல்லையா என்று கேட்டேன்.

“சரோஜாவுக்கு ஏன் வரலைன்னு அவன் இன்னும் பதில் சொல்லல. சொல்ற வரைக்கும் நான் வருவேன்” என்றார். பிறகு, வழியில் அப்பம் வாங்கலாமா என்று கேட்டார். தேங்காய்ப்பாலை வழித்து வழித்துச் சாப்பிட்டார்.

எனக்கு வெண்பா வராது, திட்ட வரும். அவர் எனக்கு விட்டுப்போனது அந்தச் செருப்பு அடுக்கின் ஓரம். வருகிற கிருத்திகைக்கு அங்கே நிற்பேன். அக்காவைப் பற்றிய கேள்வியை முதலில் கேட்பேன். அடுத்தது, இவரைப் பற்றி.