லேபர் கேம்பில் எட்டுப் பொம்மைத் தலைகள்

புரட்டாசி மூன்றாம் வெள்ளி, காலை 8.40. மும்பை மாட்டுங்கா ஸ்டேஷனில் ஐந்து ரூபாய் டிக்கெட் எடுத்துக்கொண்டு சயானுக்கு வண்டி ஏறினேன். அடுத்த ஸ்டேஷன்தான். கதவருகே நின்ற ஒருவர் என் கையிலிருந்த தமிழ்ப் பத்திரிகையைப் பார்த்துவிட்டு, "சயானா? அப்ப உள்ள போகாதீங்க சார். போனா கூட்டத்துல மாட்டி அடுத்த ஸ்டேஷன் குர்லாலதான் வெளிய வருவீங்க" என்றார். அவர் சொன்னபடி வாசலிலேயே நின்றேன். நான்கு நிமிடத்தில் இறங்கிவிட்டேன்.

வந்த காரியம் சிறியது. திருச்சியில் எங்கள் தெரு நூலகத்தில் சனிக்கிழமைதோறும் கைப்பாவைகளை வைத்துக் குழந்தைகளுக்குக் கதை சொல்கிறேன். பாவைகளுக்குக் கம்பளி நூலில் முடி ஒட்டியிருக்கிறேன். பிள்ளைகள் பிடித்து இழுப்பதில் நான்கு மாதத்துக்குள் எல்லாப் பாவைக்கும் வழுக்கை. துணியில் முடி செய்து தைக்கும் ஒரு பெண் தாராவியை ஒட்டிய லேபர் கேம்ப் குடியிருப்பில் இருப்பதாக, மாட்டுங்காவில் வசிக்கும் என் தங்கை மகள் விசாரித்துச் சொல்லியிருந்தாள்.

9.20. சயான் ஸ்டேஷனிலிருந்து இருபது நிமிட நடை. அந்தப் பெண், பேச்சியம்மாளின் வீடு மாடியில். இரும்பு ஏணியில் ஏற வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. அவரும் அடுத்த சந்தில் இருக்கும் ஜெயசீலியும் ஏற்கெனவே வேலையில் உட்கார்ந்திருந்தார்கள். பொம்மைக்கு முகமும் உடம்பும் ஜெயசீலி, முடி பேச்சியம்மாள். இருவருக்கும் நாற்பது வயதைச் சுற்றி இருக்கும். பெற்றோர் காலத்திலேயே நெல்லைப் பக்கமிருந்து வந்த குடும்பங்கள்.

"வாங்க அண்ணாச்சி. காலை மட்டும் பாத்து வைங்க, ஊசி கெடக்கும்" என்றார் பேச்சியம்மாள். "இன்னைக்குப் பேச நேரமில்ல. பாத்துக்கிட்டே கேளுங்க."

அவசரத்தின் காரணத்தை ஜெயசீலி சொன்னார். இதுவரை இருவரும் ஒரு வியாபாரிக்குத்தான் பொம்மை செய்து கொடுத்திருக்கிறார்கள். பொம்மை எங்கே போகிறது, யார் வாங்குகிறார்கள் என்று தெரியாது. இப்போதுதான் முதன்முதலாக செம்பூரில் ஒரு பள்ளிக்கூடம் நேரடியாக இவர்களிடமே கையில் மாட்டி ஆட்டும் எட்டுப் பொம்மை கேட்டிருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு ஒத்திகை, மறுநாள் நாடகம். ஐந்துக்குள் வராவிட்டால் கடையில் வாங்கிய பொம்மைகளை வைத்துக்கொள்வதாக டீச்சர் சொல்லிவிட்டாராம்.

முடி செய்யும் விதத்தைக் குறித்துக்கொண்டேன். தாராவித் தையல் பட்டறைகளில் மிஞ்சும் கறுப்புப் பனியன் துணிதான் மூலப்பொருள். இப்படி மிஞ்சும் துண்டுத்துணியை இங்கே 'சிந்தி' என்று கிலோக் கணக்கில் விற்கிறார்கள். துணியைக் குறுக்குவாட்டில் அரை விரல் அகல நாடாவாக வெட்ட வேண்டும். நாடாவின் இரு முனையையும் பிடித்துச் சுண்டி இழுத்தால் விளிம்புகள் உள்ளே சுருண்டு, உருண்டையான சுருள் முடி ஆகிவிடுகிறது. நெடுக்குவாட்டில் வெட்டினால் சுருளாது. நான் ஒன்றை வெட்டிப் பார்த்தேன், தட்டையாகவே கிடந்தது. பேச்சியம்மாள் நாடாவைத் தலையில் தைத்த பிறகுதான் இழுக்கிறார். ஒரு முனை தையலில் நிற்பதால் ஒரு கை போதும், வேலை வேகமாக நடக்கும்.

11.10. பின்முடி முடிந்து நெற்றி முடிக்கு வந்தார்கள். அட்டையில் அளந்து வெட்டிய நான்கு விரல் நாடாக்கள் எட்டுப் பொம்மைகளின் நெற்றியிலும் முந்தைய நாளே தைக்கப்பட்டிருந்தன. சரியாகப் புருவம் வரை. பேச்சியம்மாள் ஒவ்வொன்றாக மளமளவென்று இழுத்துவிட்டார். ஜெயசீலி பொம்மைகளைத் தண்ணீர் பாட்டில்களின் மேல் கவிழ்த்து வரிசையாக நிறுத்திவிட்டு, இரண்டடி தள்ளி நின்று பார்த்தார்.

"ஏட்டி பேச்சி, கண்ணு எங்க?"

ஒரு பொம்மைக்கும் கண் இல்லை. இழுத்த நாடா ஒவ்வொன்றும் ஆறு விரலாக நீண்டு மூக்குவரை தொங்கியது. வியாபாரிக்குச் செய்ததெல்லாம் நீள முடி, சடை முடி. இரண்டு விரல் கூடினால் யாருக்கும் தெரியாது. நெற்றி முடி இதுதான் முதல் தடவை. இழுத்துவிட்டு அளந்திருக்க வேண்டும்; பழக்கதோஷத்தில் அளந்துவிட்டு இழுத்துவிட்டார்.

ஜெயசீலி கத்திரிக்கோலை எடுத்தார். "கர் கர்னு வெட்டுனா பத்து நிமிசம். டென்சனே இல்ல."

"வையி கீழ" என்றார் பேச்சியம்மாள். "வெள்ளிக்கிழமை தலமுடி வெட்டுவாளா எவளாவது?"

"இது பனியன் துணிட்டி!"

"மேசையில கெடக்கும்போது துணி. தலையில ஏறிட்டா முடிதான். இத்தன வருசத்துல ஒரு செவ்வாய், ஒரு வெள்ளி நான் வெட்டுனது கிடையாது."

"நீ வெட்ட வேண்டாம், நான் வெட்டுதேன். நான் சர்ச்சுக்குப் போற வேதக்காரி. எனக்கு எல்லாக் கிழமையும் ஒண்ணுதான்."

"கை ஒன் கை. வீடு என் வீடுல்லா?"

ஜெயசீலி என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, நீங்க நாள் கிழமையெல்லாம் எழுதி வைக்கிற ஆளு. நல்ல நேரம், கெட்ட நேரம்னு ஏதாவது பாத்து, வெள்ளிக்கிழமை எப்ப முடியுதுன்னு சொல்லுங்க."

பஞ்சாங்க முறையில் ஒரு கிழமை சூரிய உதயம் முதல் அடுத்த உதயம் வரை, ஆகவே வெள்ளி நாளைக் காலையில்தான் முடியும் என்றேன்.

"ஒங்கள யாரு உண்மையச் சொல்லச் சொன்னா?" என்றார் ஜெயசீலி. பேச்சியம்மாளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கத்திரிக்கோலைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

நாடாக்களை உள்ளே மடித்துப் பார்த்தார்கள். நெற்றி கடைப் பந்தல்போலப் புடைத்துக்கொண்டு நின்றது. பிறகு வழி ஒன்றுதான் இருந்தது. நெற்றித் தையலைப் பிரித்து, நாடாக்களைத் தலையிலிருந்து எடுத்து, மேசையில் வைத்துத் துணியாக வெட்டி, மறுபடி தைப்பது. ஒரு தலைக்குப் பதினெட்டு நாடா. எட்டுத் தலைக்கு நூற்று நாற்பத்து நான்கு.

பிரிக்கும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். பாதி பிளேடு தந்தார்கள். முதல் தலையில் துணியையும் சேர்த்துக் கீறிவிட்டேன். "மண்டைய ஒடைக்காதீங்க அண்ணாச்சி, நூலை மட்டும்" என்று ஜெயசீலி அதை வாங்கி ஒட்டுப்போட்டார். அதன்பின் நிதானமாகப் பிரித்தேன். பிரித்ததைப் பேச்சியம்மாள் மேசையில் அட்டையோடு சேர்த்து வைத்து எந்தத் தயக்கமுமின்றி வெட்டினார். ஜெயசீலி தைத்தார். மதியச் சாப்பாட்டை யாரும் நினைக்கவில்லை. மூன்று மணிக்கு ஆறு தலைகள்தான் முடிந்திருந்தன.

"ஜல்தி கரோ, ஜல்தி" என்று பேச்சியம்மாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"இப்ப மட்டும் ஜல்தியா?" என்றார் ஜெயசீலி, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

3.50. எட்டாவது தலை முடிந்தது. பொம்மைகளை முகம் நசுங்காமல் ஒரு பிளாஸ்டிக் வாளியில் நிற்க வைத்து, மேலே துண்டைப் போட்டுக் கட்டினார்கள். சயானில் ஏறி, குர்லாவில் இறங்கி, பாலம் ஏறி ஹார்பர் லைன் வண்டி பிடித்தோம். அவர்கள் பெண்கள் பெட்டியில், நான் பக்கத்துப் பெட்டியில். செம்பூரில் இறங்கியபோது 4.41. பள்ளிக்கூடம் பத்து நிமிட நடை. நாங்கள் ஏழு நிமிடத்தில் நடந்தோம்.

டீச்சர் மராட்டிக்காரர், கண்டிப்பான முகம். ஒரு பொம்மையைக் கையில் மாட்டித் தலையாட்ட வைத்தார். புருவத்துக்குக் கீழே இரண்டு கண்களும் நன்றாகத் தெரிந்தன. இரண்டாவது, மூன்றாவது என்று எட்டையும் பார்த்துவிட்டு, "அச்சா ஹை" என்றார். பேச்சியம்மாளின் பெயரையும் போன் நம்பரையும் கேட்டுத் தன் டயரியில் எழுதிக்கொண்டார். ஜெயசீலியின் பெயரையும் எழுதச் சொன்னார் பேச்சியம்மாள், எழுதினார். ஆண்டுவிழாவுக்கு இன்னும் பன்னிரண்டு பொம்மை வேண்டுமாம்.

பிறகு டீச்சர் கடைசிப் பொம்மையின் நெற்றியை உற்றுப் பார்த்தார். ஒரு நாடா மட்டும் அரை விரல் நீண்டிருந்தது. மேசை டிராயரைத் திறந்து கத்திரிக்கோலை எடுத்து, 'நறுக்'கென்று வெட்டிவிட்டுத் துணுக்கைக் குப்பைக்கூடையில் போட்டார்.

நான் பேச்சியம்மாளைப் பார்த்தேன். அவர் காலி வாளியை எடுத்துக்கொண்டு, "சலோ, வர்றோம் டீச்சர்" என்று நடந்தார்.

5.20. செம்பூர் பிளாட்பாரத்தில் ஜெயசீலியால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "நாலு மணி நேரம் விரல் பூரா ஊசிக்குத்து. அந்தம்மா ஒரே வெட்டுல வெட்டுதா, நீ வாயத் தொறக்கலியே!"

"கட்டிக் குடுத்தாச்சுல்லா" என்றார் பேச்சியம்மாள். "இனி அவங்க வீட்டு வழக்கம்."

வண்டி வந்தது, இருவரும் பெண்கள் பெட்டியை நோக்கி ஓடினார்கள். குர்லா வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். திருச்சியில் என் பாவைகளை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. என் வீட்டுப் பெட்டியில் என்னோடுதான் இருக்கின்றன. அந்தக் கணக்கில் அவற்றுக்கு என் வீட்டு வழக்கம்தான். எங்கள் வீட்டிலும் வெள்ளிக்கிழமை யாரும் முடி வெட்டிக்கொள்வதில்லை. பாவைகளுக்கு முடி நறுக்கும்போது மட்டும் நான் இதுவரை கிழமை பார்த்ததில்லை.