ராண்டியின் கடல்

ராண்டி பிக்கெட்டோடு ஒரே அறையில் வேலை பார்த்திருந்தால்தான் தெரியும், மனுஷன் எவ்வளவு நல்லவன், எப்படி உயிரை வாங்குவான் என்று. டல்லாஸ் பக்கம் பிளானோவில், ஒரு பல் டாக்டர் கிளினிக்குக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் வீடியோ கேம் கம்பெனி. மொத்தமே ஆறு பேர். நான் கப்பல்களை வரைவேன், ராண்டி அவற்றுக்குக் கீழே கடலை ஓடவிடுவான்.

கடல் அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதைப் பிரிஸ்கார் கம்பெனி செய்கிற, கம்ப்யூட்டரில் படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டுக்கு மட்டுமே புரிகிற கட்டளைகளில் எழுதித் தொலைத்திருந்தான். வேறு கம்பெனி கார்டு போட்டால் ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. எல்லாக் கார்டுக்கும் பொதுவான கட்டளைகள் அப்போதே வந்துவிட்டன. நானும் தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

"பொதுவானதுலயும் ஒண்ணு எழுதி வையேன் ராண்டி. ஊர்ல எல்லாருமா பிரிஸ்கார் வெச்சிருக்கான்?"

"இல்லாதவன் வாங்குவான் மார்வா. இந்த அலை வேற எதுல வரும், சொல்லு?"

"ஆமா, நீயும் உன் அலையும்!"

ஆபீஸில் இருந்த கம்ப்யூட்டர் அத்தனையிலும் பிரிஸ்கார்காரன் சும்மா கொடுத்த கார்டுதான். அப்புறம் ராண்டிக்கு எங்கே உறைக்கப்போகிறது?

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் விற்பனைக்குச் சரக்குப் பார்க்க, ஊர் ஊராகக் கடை வைத்திருக்கும் ஒரு பெரிய கம்பெனியிலிருந்து பெவர்லி ஆல்ட்ரிட்ஜ் என்ற அம்மாள் வந்தார். அவர் ஆர்டர் கொடுத்தால் பிழைப்போம், இல்லையென்றால் மூட்டை கட்டவேண்டியதுதான். பார்த்து அன்று காலையிலேயே பிரிஸ்காரின் புத்தம்புதுக் கார்டு கூரியரில் வந்து தொலைத்தது. இன்னும் கடைக்கே வராத கார்டு. ராண்டி ஸ்க்ரூடிரைவரோடு கிளம்பிவிட்டான்.

"ஐயோ வேண்டாம் ராண்டி, புண்ணியமாப் போகும்! ஓடறதை ஓடவிடு!"

"சும்மா இரு மார்வா. இது இன்னும் வேகம். அந்தம்மா அசந்துடுவாங்க பாரு."

அந்தம்மா அசந்துதான் போனார். திரை முழுக்கக் கும்மிருட்டு, நடுவில் என் கப்பல்கள் அந்தரத்தில் தொங்கின.

"கடல் எங்கேங்க?" என்றார்.

அவசரமாகப் பழைய கார்டை மாட்டினோம். கடல் வந்தது. அவர் பொறுமையாகத்தான் பார்த்தார்.

"ரொம்ப நல்லாயிருக்கு. ஆனா கிறிஸ்துமஸுக்கு நான் விக்கப்போறது அந்தப் புதுக் கார்டைத்தானே? அதுல ஓடாததை வித்தா, வாங்கினவங்க என்னையில்ல வந்து திட்டுவாங்க?" என்று கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ராண்டி அங்கேயே பிரிஸ்கார் ஆளுக்கு ஃபோன் போட்டான். ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்டோம்.

"அதுவா? புதுக் கார்டுல எங்க பழைய கட்டளையெல்லாம் தூக்கிட்டோமே. இப்ப நாங்களும் எல்லாரும் வெச்சிருக்கிற பொதுவானதுக்கே வந்துட்டோம். உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

"மூணு வருஷமா எழுதினேன்யா," என்றான் ராண்டி.

"அடடா. சரி விடுங்க, புதுக் கார்டுக்கு டி-ஷர்ட் அடிச்சிருக்கோம். ஒண்ணு அனுப்பறேன். என்ன சைஸ்?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஃபோனைப் பிடுங்கி ஜன்னல் வழியே வீசியிருப்பேன். ராண்டி ஃபோன் பக்கம் குனிந்தான்.

"எக்ஸ்எல்," என்றான்.