கண்ட்ரோல் இசட், மூணு தடவை

1. மானிட்டர் இல்லாத டேபிள்

ஓசூரில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனி. அதன் குவாலிட்டி ஆபீஸில் எனக்கு முதல் நாள். ஐடி ஆள் வந்து சிபியு, கீபோர்டு எல்லாம் மாட்டிவிட்டு, "மானிட்டர் ஸ்டாக் இல்லீங்க, நாளைக்குத்தான் வரும். இன்னைக்கு ஒரு நாள் சும்மா உக்காருங்க" என்றார்.

"பரவால்லீங்க, நான் வேலைய ஆரம்பிச்சுடறேன்" என்றேன்.

 புதுசா வந்தவன் நக்கல் பண்ணுகிறான் என்று நினைத்திருப்பார். அப்புறம் டேபிள் மேல் இருந்த என் மடக்குக் குச்சி கண்ணில் பட்டிருக்க வேண்டும். "அய்யோ, சாரிங்க" என்றார்.

என் பேர் முனிராஜ், எனக்குக் கண் தெரியாது. கெலமங்கலத்தில் எட்டாவது படிக்கும்போது கரும்பலகை மங்க ஆரம்பித்தது. வருஷம் முடிவதற்குள் பலகை காணாமலே போனது, கூடவே பள்ளிக்கூடமும் போனது. அப்புறம் பத்து வருஷம் ஒரு ஷெட்டில் இரும்புப் பாகங்களில் பிசிறு தேய்க்கும் வேலை. விரலால் தடவிப் பார்த்தே செய்யலாம். கிருஷ்ணகிரியில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டுதான் இங்கே வந்தேன். திரையில் இருப்பதை ஸ்கிரீன் ரீடர் காதில் வாசிக்கும். மவுஸ் கிடையாது, எல்லாம் கீபோர்டுதான்.

பக்கத்து டேபிள் மஞ்சுநாத் என் இயர்போனை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தான். அத்திப்பள்ளிக்காரன், பாதி கன்னடம் பாதி தமிழ், யாரைப் பார்த்தாலும் 'குரு' என்பான்.

"என்னா குரு இது! ராயக்கோட்டை மண்டில தக்காளி ஏலம் விடற மாதிரி ஓடுது. இது உனக்குப் புரியுதா?"

"ஏலம் எடுக்கறவனுக்குப் புரியுது இல்ல? அப்படித்தான்."

சிரித்துப் பேசினேனே தவிர, உள்ளுக்குள் எனக்கு நடுக்கம். நான் பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டினால் மூணு தடவை இழுத்துப் பார்ப்பேன். எட்டாவது கூட முடிக்காதவனை ஆபீஸில் உட்கார வைத்திருக்கிறார்கள், ஆறு மாதம் ப்ரொபேஷன், எப்போது கிளப்பி விடுவார்களோ என்று தினம் பஸ்ஸில் வரும்போதே நினைப்பேன்.

2. நியூ ஃபோல்டர் ஏழு

என் வேலை இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டுகளை ஒழுங்காக அடுக்குவது. முதல் வாரம் எல்லாருக்கும் பொதுவான ஷேர் டிரைவைத் திறந்து கீழ் அம்புக்குறியை அமுக்கிக்கொண்டே போனேன். நியூ ஃபோல்டர், நியூ ஃபோல்டர் இரண்டு, நியூ ஃபோல்டர் மூன்று, ஃபைனல், ஃபைனல் லேட்டஸ்ட், மஞ்சு டோன்ட் டெலிட்.

"இதெல்லாம் என்ன மஞ்சு?"

"உள்ள என்னா இருக்குன்னு எனக்குத் தெரியும் குரு. மேல வலது பக்கம் மூணாவது இருக்குது பாரு, அதுதான் பிரேக் கேலிபர் ரிப்போர்ட்."

கண் உள்ளவனுக்கு ஃபோல்டர் என்பது இடம். எனக்கு அது பேர் மட்டும்தான். பேரின் முதல் எழுத்துகளை வேகமாக அடித்தால் நேரே அங்கே போய் நிற்கலாம். அதனால் ஃபோல்டர் பேர் எல்லாம் பார்ட் நம்பரில் ஆரம்பிக்க வேண்டும் என்று கேட்டேன். நாலு எண் அடித்தால் போதும், எண்டர் தட்டினால் உள்ளே, பேக்ஸ்பேஸ் தட்டினால் வெளியே. குவாலிட்டி மேனேஜர் மணிமேகலை மேடம் திருநெல்வேலிக்காரர், பேச்சில் சுற்றி வளைப்பே இருக்காது. "நல்லாத்தான்யா இருக்கு. நீயே மாத்து. மஞ்சு, இனிமே நியூ ஃபோல்டர்னு ஒண்ணு பாத்தேன், உன் பேரையே நியூ மஞ்சுன்னு மாத்திருவேன்" என்றார்.

அப்படியும் மஞ்சு திருந்தவில்லை. ஒரு நாள் மவுஸில் இழுத்துக்கொண்டு போகும்போது கை நழுவி, ஒரு முழு ஃபோல்டரை வேறொன்றுக்குள் போட்டுவிட்டான். அரை நாள் தேடினோம். அன்று மேடம் திட்டிய திட்டு கேன்டீன் வரைக்கும் கேட்டது.

3. ஆடிட் அன்று

ஆறாவது மாதம் முடிய நாலு நாள் இருந்தது. பெங்களூரு கஸ்டமர் பதினோரு மணிக்கு ஆடிட்டுக்கு வருகிறார். முதலில் 4172 என்ற பார்ட்டின் ரிப்போர்ட்டைத்தான் கேட்பார். காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் முதல் வேலையாக அதைத் தேடினேன். மஞ்சுவின் குவியலில் நியூ ஃபோல்டர் ஏழாகக் கிடந்தது. எஃப் 2 அமுக்கி 4172 என்று பேர் மாற்றினேன். கட் பண்ணி ஆடிட் ஃபோல்டரில் பேஸ்ட் பண்ணினேன். ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டுப் பார்த்தேன். இருந்தது.

பத்தரைக்கு வேறொரு ஃபைலுக்குப் பேர் மாற்றும்போது கை தவறித் தப்பாக அடித்துவிட்டேன். எஸ்கேப் தட்டினேன். அதோடு விட்டிருக்கலாம், பழைய பேர் தானே வந்திருக்கும். ஆனால் நான்தான் பூட்டை மூணு தடவை இழுக்கிற ஆளாச்சே. எதற்கும் இருக்கட்டும் என்று, செய்ததைத் திருப்பும் கண்ட்ரோல் இசட்டையும் அமுக்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நிம்மதியாக டீ குடிக்கப் போனேன்.

பத்து ஐம்பதுக்கு மீட்டிங் ரூமிலிருந்து மேடத்தின் குரல். "4172 எங்க? ஆடிட் ஃபோல்டர்ல இல்லையே!"

ஓடிப்போய் என் கம்ப்யூட்டரில் திறந்தேன். இந்த ஃபோல்டர் காலி என்றது ஸ்கிரீன் ரீடர். மூடிவிட்டு மறுபடி திறந்தேன், அதேதான். மேடம் 4172 என்று சர்ச் போட்டார், ஒன்றும் வரவில்லை.

"மஞ்சு! மறுபடியும் இழுத்துப் போட்டியா?"

"இல்ல மேடம், சத்தியமா நான் இன்னைக்கு அந்தப் பக்கமே போகல."

"போன தடவையும் இதத்தான் சொன்ன. கஸ்டமர் கேட்ல கையெழுத்துப் போட்டுட்டு இருக்காங்க. உன்ன வச்சுக்கிட்டு நான் என்னதான்யா செய்ய?"

மஞ்சு மவுஸைத் தள்ளி வைக்கும் சத்தம் கேட்டது. 

அப்போதுதான் என் விரல்களுக்கு ஞாபகம் வந்தது. எஸ்கேப் தட்டியதுமே நான் பேர் எழுதும் கட்டத்தை விட்டு வெளியே வந்துவிட்டேன். அதற்கப்புறம் அமுக்கிய கண்ட்ரோல் இசட் எழுத்தையா திருத்தியிருக்கும்? காலையில் செய்ததைத் திருப்பியிருக்கிறது. முதல் தடவைக்கு, பேஸ்ட் பண்ணினது பழைய இடத்துக்கே போயிருக்கும். இரண்டாவதுக்கு, 4172 பழையபடி நியூ ஃபோல்டர் ஏழாகியிருக்கும். அதனால்தான் சர்ச்சிலும் வரவில்லை. மூன்றாவதுக்குத் திருப்ப ஒன்றும் இல்லை. அது என் பயத்துக்காக மட்டும்.

சொல்லாமலே சத்தமில்லாமல் எடுத்து வைத்துவிடலாம். மஞ்சு இழுத்துப் போட்டதை முனிராஜ் கண்டுபிடித்தான் என்று நல்ல பேர்கூடக் கிடைக்கும். என்னைப் பற்றிய முடிவு இன்னும் நாலு நாளில் மேடம் கையில். பொய் சொல்லவில்லை, இந்த நினைப்பு எனக்கு வந்தது.

"மேடம், மஞ்சு பண்ணல. நாந்தான்."

"என்னது?"

"கண்ட்ரோல் இசட் அமுக்கிட்டேன் மேடம். மூணு தடவ."

"எதுக்குய்யா மூணு தடவ?"

"பயத்துல மேடம்."

யாரோ பின்னால் சிரித்தார்கள். மஞ்சு என் கீபோர்டு பக்கம் வந்து, "நியூ ஃபோல்டர் போட்டு ஒண்ணொண்ணா அள்ளிப் பாப்போமா குரு?" என்றான். "பேடா மஞ்சு, பேடா! எதையும் தொடாதே" என்று நானே கன்னடத்தில் கத்தினேன். நடுவில் புதுசாக ஏதாவது செய்துவிட்டால் திரும்பிப் போகிற வழி அடைபட்டுவிடும். திருப்பியதை மறுபடி செய்யும் கண்ட்ரோல் ஒய் அமுக்கினேன், 4172 என்ற பேர் வந்தது. இன்னொரு தடவை அமுக்கினேன், இடமும் மாறியிருக்க வேண்டும். ஆடிட் ஃபோல்டருக்குள் போய் 4172 என்று அடித்தேன். "4172, ஒன்றில் ஒன்று" என்றது காதில். தக்காளி ஏலக்காரன் குரல் அன்று எனக்குக் கோயில் மணி மாதிரி கேட்டது.

கஸ்டமர் உட்கார்ந்து 4172-ஓடு சேர்த்து நாலு ரிப்போர்ட் கேட்டார். அவர் எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள் நான் திறந்துகொண்டிருந்தேன். "மவுஸ் எங்கே?" என்று கேட்டார். "அது மஞ்சுகிட்ட இருக்குங்க, அவருக்குத்தான் தேவைப்படுது" என்றேன்.

4. கடைசியாக

நாலு நாள் கழித்து மேடம் என் டேபிளுக்கு வந்தார். "எச்ஆர் மெயில் போட்டிருக்காங்க, பாரு. மஞ்சுவத் திட்டவிட்டுட்டு நீ வாய மூடி இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. ஆனா அப்பறம் உன் கையில ரிப்போர்ட்ட எந்த நம்பிக்கையில குடுப்பேன்?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பர்மனென்ட் லெட்டர். மஞ்சு நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான். "சேவ் பண்ணு குரு. நியூ ஃபோல்டர் எட்டுன்னு போடு, ராசியா இருக்கும்."

கீபோர்டில் வேலை செய்ய வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பயந்தால் பயந்துகொள்ளுங்கள், நான் இன்றைக்கும் பயப்படுகிறேன். ஆனால் கை வைப்பதற்கு முன்னால் எங்கே நிற்கிறோம் என்று ஒரு தடவை கேளுங்கள். ஆல்ட் டி அமுக்கினால் இருக்கும் இடத்தை முழுசாகச் சொல்லும். தப்பு நம்முடையது என்றால் உடனே சொல்லிவிடுங்கள், திருப்புகிற வழி அப்போதுதான் திறந்திருக்கும்.

லெட்டரின் பேருக்கு முன்னால் என் எம்ப்ளாயி நம்பரைப் போட்டு சேவ் பண்ணினேன். வெளியே வந்து, திரும்ப உள்ளே போய்க் கேட்டேன். இருந்தது. இன்னொரு தடவை கேட்டேன். இருந்தது. மூணாவது தடவைக்குக் கீபோர்டில் கை வைத்தபோது மஞ்சு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"ஆய்து குரு, ஆச்சு. டீ குடிக்கப் போலாம், வா."