சிவந்த இலை பார்க்கப் போன யோகேஸ்வரி டீச்சர்

கிண்ணியாவிலிருந்து வரும் பஸ் சீனக்குடாவைத் தாண்டிக்கொண்டிருந்தபோது பள்ளிக்கூட அதிபர் தொலைபேசியில் அழைத்தார். பிந்திவிட்டேன் என்று ஏசப்போகிறார் என்ற எரிச்சலோடுதான் எடுத்தேன். யோகேஸ்வரி டீச்சர் விடியற்காலையில் ஓர்ஸ் ஹில் வீட்டிலேயே காலமாகிவிட்டார் என்றார். நெஞ்சு வருத்தம், மாரடைப்பு. பஸ் இரைச்சலில் தவறாகக் கேட்டிருக்கலாம் என்ற நப்பாசையில் திரும்பச் சொல்லச் சொன்னேன். அவர் திரும்பவும் அதையே சொன்னார்.

அவரோடு வேலை செய்தவர்களுக்கும் அவரிடம் படித்தவர்களுக்கும் அவரைப்பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அவர் புவியியல், நான் வரலாறு. ஆசிரியர் அறையில் எங்கள் கதிரைகள் பக்கம் பக்கமாக இருந்தன. மழை பெய்தாலும் வெயில் எறித்தாலும் குறை சொல்கிற என்னை அவர் எப்படித்தான் சகித்தாரோ. பருவகாலங்கள் பாடம் வந்தால் கரும்பலகையில் நான்கு மரங்கள் வரைவார். மூன்றாவது, இலையுதிர் கால மரத்துக்கு இருக்கிற சிவப்புச் சோக்கு எல்லாம் முடிந்துவிடும். "நாலு காலமும் படிப்பிக்கிறன், எனக்குத் தெரிஞ்சது மழையும் வெயிலும்தான். ஒருக்காவாவது அந்தச் சிவப்பைக் கண்ணால காணவேணும், றசீனா" என்பார். வேறு எதற்கும் அவர் ஆசைப்பட்டு நான் கேட்டதில்லை.

அவருடைய மகள் துளசி சீனாவில் வேலை செய்கிறாள். அவள் இருக்கும் நகரத்தில் பெயர்பெற்ற பழைய தோட்டம் ஒன்று உண்டு. கோடையில் தாமரை, பிறகு செவ்வந்தி, நவம்பரில் மரமெல்லாம் சிவக்கும். ஒவ்வொரு வருஷமும் படம் அனுப்பி அம்மாவை வரச் சொல்வாள். நவம்பர் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் தவணை. சாதாரண தரப் பொதுப் பரீட்சைக்குப் போகும் பதினோராம் வகுப்பு டீச்சரிடம் இருந்தது. அந்தத் தவணையில் அவர் லீவு எடுத்ததே இல்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் வைத்தியர், தூரப் பயணம் போவதென்றால் இப்போதே போய்விடுங்கள், பிறகு இந்த இருதயம் தாங்காது என்று சொல்லிவிட்டார். அப்போதும் டீச்சர் அசையவில்லை. பிள்ளைகள் எங்கும் ஓடிப்போகமாட்டார்கள், இலைதான் போய்விடும் என்று சண்டை பிடித்தேன். அவர் கொப்பி திருத்திக்கொண்டே சொன்னார்: "இலை அடுத்த வருசமும் சிவக்கும். இந்தப் பிள்ளையளுக்கு இந்த வருசம் ஒண்டுதான்."

எனக்கு ஆத்திரம் வந்தது. அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

அந்த வருஷம் டிசம்பர் விடுமுறை தொடங்கியதும் புறப்பட்டோம். அம்மாவைத் தனியே வரவிடமாட்டேன் என்று துளசி பிடிவாதமாக நின்றதால் நானும் கூடப் போனேன். முதலில் தயங்கினேன்தான். "ஒவ்வொரு நாளும் சீனக்குடாவால வாறனீங்கள், இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகப் பயமோ?" என்று டீச்சர் கேலி செய்தார். சில மரங்களில் இன்னும் இலை இருக்கிறது என்று துளசி அனுப்பிய படத்தை விமானத்தில் எடுத்து எடுத்துப் பார்த்தார்.

நாங்கள் போவதற்கு முதல்நாள் பெருங்காற்று அடித்திருக்கிறது. தோட்டத்துக்குள் நுழைந்தோம். குளம் இருந்தது, குளத்தைச் சுற்றிக் கூரை போட்ட நடைபாதை இருந்தது, மரங்களில் ஓர் இலைகூட இல்லை. விழுந்தவையும் மண்ணிறமாகிவிட்டன, அவற்றையும் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார்கள். துளசி அழும் நிலைக்கு வந்துவிட்டாள். நான் காற்றையும் கூட்டுகிறவர்களையும் அந்த நாட்டையும் சேர்த்துத் தமிழில் ஏசினேன். டீச்சர் வெறும் கொப்புகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை. "தப்பிப்போச்சு" என்றார்.

கொஞ்சத் தூரம் நடந்தபோது நல்ல வாசனை வந்தது. இலையே இல்லாத ஒரு செடியில், மெழுகில் செய்ததுபோல மஞ்சள் பூக்கள். குளிரில்தான் பூக்குமாம். இதைப் பார்க்கத்தான் நாங்கள் வந்தோம் என்று வைத்துக்கொள்ளலாம் என்று தேற்றப் பார்த்தேன்.

"நல்ல வடிவு. ஆனா நான் வந்தது இதுக்கில்லை" என்றார். சொல்லிவிட்டு அந்தப் பூவை நெடுநேரம் மோந்துகொண்டு நின்றார். கவலையைக் கவலை என்று சொன்னார், அதற்காகப் பூவின் மேல் முகம் சுளிக்கவும் இல்லை. எனக்கு அப்படி ஒரு மனம் வாய்க்காது.

வாசலில் ஒரு கடை. சிவந்த இலைகளைக் கண்ணாடித் தாளில் ஒட்டி விற்றார்கள். வகுப்பில் காட்டலாமே என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். டீச்சர் இலையின் விளிம்பை ஈரவிரலால் தொட்டுப் பார்த்தார். விரல் சிவந்தது. "சாயம். பிள்ளையளுக்கு இதைக் காட்ட ஏலாது" என்று திரும்ப வைத்தார். கடைக்காரப் பெண்ணின் முகம் வாடியதைக் கண்டு முகம் துடைக்க ஒரு கைலேஞ்சி வாங்கிக்கொண்டார்.

ஜனவரியில் ஒருநாள் அவருடைய வகுப்பைக் கடந்து போனேன். பலகையில் நான்கு மரங்கள். "நான் சீனாவுக்குப் போனனான். குளிர்காலத்தைக் கண்டனான். இலையுதிர் காலத்தை இன்னும் காணேல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கண்டேன் என்று சொல்லியிருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? நானாயிருந்தால் சொல்லியிருப்பேன். போன நவம்பரில் துளசி திரும்பவும் கேட்டாள், வைத்தியர் சொன்னது பரவாயில்லை, மெல்ல மெல்லக் கூட்டிப்போகலாம் என்றாள். பென்சன் எடுத்த பிறகு வருகிறேன் என்று இவர் சொல்லிவிட்டார்.

செத்தவீட்டுக்கு வந்து திரும்பிப் போன துளசி போன கிழமை என்னை அழைத்தாள். "அன்ரி, இந்த நவம்பர் வாங்கோ. அம்மா காணாததை நீங்களாவது பாருங்கோ" என்றாள். விமான ரிக்கெட்டும் தானே எடுத்துத் தருவாளாம்.

மூக்கு ஒழுகித் தடிமன் வந்தாலே லீவு எழுதுகிறவள் நான். பள்ளிக்கூடமே அறியும். புதிய ஆசிரியர் வரும்வரை டீச்சரின் பதினோராம் வகுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். ஓம், வருகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"இந்தத் தவணை ஏலாது மகள், பாடம் முடியேல்லை" என்றேன்.

"அம்மாவும் இப்பிடித்தான் சொல்லுவா" என்று துளசி சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். நானும் அழுதேன். டீச்சர் எனக்கு விட்டுப்போனது அந்தப் பிள்ளைகளைத்தான். அவர்களை நான் வைத்திருக்கிறேன்.